பிரீமியம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்

ஒருவர் செய்து முடிக்க வேண்டிய காரியத்திற்கோ திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்திற்கோ மற்றொருவர் ஜாமீன் நிற்கும் வழக்கம், கொடுக்கல் வாங்கல் தோன்றிய காலந்தொட்டே இருந்துவருவது. அந்த ஜாமீன்தார் உறவினராகவோ நண்பராகவோ இருந்து, கேட்டவருடைய முகத்தைப் பார்த்துத் தாட்சண்யத்தால் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னால் வீட்டையும் நிலத்தையும் இழந்து நின்ற நாட்களில், அவரைக் காப்பாற்றுவதற்கென்று நீதிமன்றங்கள் பல சலுகைகளை வகுத்துக் கொடுத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜாமீன் நிற்பதையே தொழிலாகக் கொண்டு, அதற்குப் பிரீமியம் விதித்து, பங்குதாரர்களுக்கு லாபமும் பிரித்துக் கொடுக்கும் கம்பெனிகள் புறப்பட்டன. நஷ்டம் நேர்ந்து பணம் கொடுக்க வேண்டிய சமயம் வந்தபோது அவையும், தாட்சண்யத்தால் கையெழுத்திட்ட அந்தப் பழைய ஜாமீன்தாரின் ஸ்தானத்தில் நின்றுகொண்டு, அவருக்குரிய சலுகைகளையே தமக்கும் வேண்டின. அந்தச் சலுகைகள் விலைக்கு ஜாமீன் விற்கும் ஸ்தாபனத்திற்கும் உரியவைதாமா, உரியவையென்றால் எவ்வளவு தூரம், என்ற கேள்வி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் வழக்குக்கு வழக்கு வெவ்வேறு உருவில் எழுந்துகொண்டே இருக்கிறது. அதன் போக்கை முழுமையாக ஒருமுறை பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சலுகைகள் எவையென்று தெரிந்துகொள்ள வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126-ஆம் பிரிவு முதல் 147-ஆம் பிரிவு வரை, ஜாமீன் ஒப்பந்தத்தின் இலக்கணத்தைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் கூறியிருக்கிறது. ஜாமீன்தாரின் பொறுப்பு மூலக் கடனாளியின் பொறுப்பளவினது என்பது 128-ஆம் பிரிவு. கடன் கொடுத்தவரும் கடனாளியும் ஜாமீன்தாரைக் கேளாமல் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டால், அதன்பின் நடக்கும் விவகாரங்களுக்கு அவர் பொறுப்பல்லர் என்பது 133. கடனாளிக்குத் தவணை கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் அவர் விடுபடுவார் என்பது 135. கையிலிருந்த ஈட்டைக் கடன் கொடுத்தவர் நழுவவிட்டால் அந்த ஈட்டின் மதிப்பளவுக்கு அவர் விடுபடுவார் என்பது 141. முக்கியமான சங்கதியை மறைத்து வாங்கிய ஜாமீன் செல்லாது என்பது 143. கடைசியில் சொன்ன பிரிவுக்கு அச்சட்டமே காட்டும் உதாரணம் ஒன்று ரசமானது. ஒருவர் மற்றொருவருக்கு 2,000 டன் இரும்பு கொடுக்கிறார். விலைக்கு மூன்றாமவர் ஜாமீன். ஆனால் வாங்குபவரும் விற்பவரும் அந்தரங்கமாக, சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 5 ரூபாய் சேர்த்துக் கொடுத்துப் பழைய பாக்கியைத் தீர்ப்பதென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது ஜாமீன்தாருக்குத் தெரியாது. அவர் பொறுப்பல்லர் என்கிறது சட்டம். இது சட்டம் இயற்றியவர்களின் கற்பனையில் பிறந்ததன்று. 1825-இல் இங்கிலாந்தில் தீர்ந்த பிட்காக்–பிஷப் வழக்கின் சாரமே ரூபாய்க் கணக்கில் இங்கே குடியேறியிருக்கிறது.

இச்சலுகைகளில் மிகக் கடுமையானது மாறுதலைப் பற்றியது. அதன் கடுமையை முழுதும் காட்டுவது 1878-ஆம் ஆண்டு ஹோம்–பிரன்ஸ்கில் வழக்கு. வட இங்கிலாந்தின் மலைப்பாங்கான பண்ணையொன்று, 700 ஆடுகள் கொண்ட மந்தையுடன் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை முடியும்போது மந்தை குறைவின்றித் திரும்ப ஒப்படைக்கப்படும் என்பதற்கு ஒருவர் ஜாமீன் நின்றார். இடையில் நிலச்சொந்தக்காரரும் குத்தகைதாரரும் தமக்குள் பேசி, சதுப்பு வயல் என்ற ஒரே ஒரு துண்டை மட்டும் பண்ணையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு, அதற்காகக் குத்தகையில் 10 பவுன் குறைத்துக்கொண்டார்கள். மந்தை சீரழிந்தபோது ஜாமீன்தார்மீது வழக்கு வந்தது. இந்த மாறுதல் அற்பமானது, ஆடுகளின் கதியை அது பாதித்துவிடவில்லை என்று ஜூரிகள் கூறினார்கள். ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், மாறுதல் அற்பமானதென்பது விசாரணையின்றியே வெளிப்படையாகத் தெரிந்தாலொழிய, அது தமக்குப் பாதகமா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை ஜாமீன்தாருடையதே தவிர நீதிமன்றத்துடையதன்று என்று சொல்லி அவரை விடுவித்தார்கள். தாட்சண்யத்தால் கையெழுத்திட்ட மனிதரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இத்தீர்ப்பின் நியாயம் விளங்கும். அவர் ஏற்றுக்கொண்டது இன்ன அபாயம், அதற்கு ஒரு மயிரிழை கூடுதலாகவும் அவரைக் கட்டுப்படுத்தலாகாது.

இந்தியாவிலும் இதே பரிவைக் காணலாம். வெட்டிய மரங்களை ஏலத்தில் விற்ற மத்தியப் பிரதேச அரசாங்கம், தவணைப் பணம் கட்டினாலொழிய மரத்தை எடுத்துப்போகவிடக் கூடாதென்று நிபந்தனை விதித்துவிட்டு, தன் வனத்துறை அதிகாரிகளே பணம் வராமல் மரத்தைப் போகவிட்ட காளுராம் வழக்கில் (1967-ஆம் ஆண்டுத் தொகுப்பு), உச்சநீதிமன்றம் ஜாமீன்தாரை விடுவித்தது. 1968-இல் தீர்ந்த அம்ரித்லால் வழக்கில், திருவாங்கூர் ஸ்டேட் பாங்கின் பொறுப்பிலிருந்த அடமானச் சரக்கில் 35,690 ரூபாய் மதிப்புள்ள பகுதி காணாமற்போனது. அந்தத் தொகையளவுக்கு ஜாமீன்தாரின் பொறுப்பு குறைக்கப்பட்டது. காளுராம் ஈடு முழுவதையும் இழந்ததற்கும், அம்ரித்லால் ஈட்டின் ஒரு பகுதியை இழந்ததற்கும் நீதிமன்றம் அளந்து பரிகாரம் அளித்ததைக் கவனிக்க வேண்டும். பின்னால் நாம் காணப்போகும் விடைக்கு இந்த அளந்து கொடுக்கும் மனப்பான்மையே அஸ்திவாரம்.

இனி, கம்பெனி எப்படி இந்த விவகாரத்துக்குள் வந்ததென்பதைப் பார்ப்போம். பாங்குகளிலும் வியாபார ஸ்தலங்களிலும் காசாளராகவோ வசூல் குமாஸ்தாவாகவோ அமர விரும்பிய இளைஞன், தன் நாணயத்துக்குச் சொந்தக்காரர்களையோ தெரிந்த கனவான்களையோ ஜாமீன் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கனவான் இறந்துபோகலாம், நொடித்துப்போகலாம். முதலாளி அவரிடம் பணம் கேட்கக் கூசலாம். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க 1840-இல் லண்டனில் தொடங்கிய காரண்டி சொஸைட்டியே, உத்தியோகஸ்தரின் நாணயத்துக்குப் பிரீமியம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்ற முதல் ஸ்தாபனமாகக் கருதப்படுகிறது. நாணய ஜாமீனில் தொடங்கிய வியாபாரம், கடன் திரும்பி வரும் என்பதற்கும், காண்டிராக்டர் கட்டடத்தைக் கட்டி முடிப்பார் என்பதற்கும் நாளடைவில் பரவியது. அமெரிக்காவில் 1884-இல் நியூயார்க்கில் பிறந்த அமெரிக்கன் ஸுரிட்டி கம்பெனியைத் தொடர்ந்து பல தோன்றின. அரசாங்கக் கட்டட வேலை எடுப்பவர் ஜாமீன் பத்திரம் கொடுத்தே தீரவேண்டுமென்று 1894-இல் ஹெர்ட் சட்டமும், அதன் இடத்தில் 1935-இல் மில்லர் சட்டமும் விதித்தபோது இத்தொழில் அங்கே ஆழமாக வேரூன்றிவிட்டது.

தொழில் வளர்ந்ததும் ஒரு விசித்திரமான நிலைமை ஏற்பட்டது. இன்ஷ்யூரன்ஸ் ஒப்பந்தத்தில், பாலிசி எடுப்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்கள் அனைத்தையும், கேட்டாலும் கேளாவிட்டாலும், கம்பெனியிடம் சொல்லியாக வேண்டும். ஒன்றை மறைத்தாலும் பாலிசி வீண். ஜாமீன் ஒப்பந்தத்திலோ அத்தகைய பூரண வெளிப்படைக்குக் கடன் கொடுத்தவர் கடமைப்பட்டவரல்லர். இத்தகைய கொடுக்கல் வாங்கலில் எதிர்பார்க்க முடியாத அசாதாரணமான ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அதை மட்டும் சொன்னால் போதுமென்பது 1845-ஆம் ஆண்டு ஹாமில்டன்–வாட்ஸன் வழக்கு முதலாக நிலைத்த விதி. ஆனால் ஜாமீன்தாருக்கு, ஒப்பந்தம் மாறினால் விடுதலை, தவணை கொடுத்தால் விடுதலை என்ற சலுகைகள் உண்டு. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு அவை இல்லை. பிரீமியம் வாங்கும் ஜாமீன் கம்பெனி, மறைத்தல் என்ற வாதத்துக்கு வரும்போது தன்னை இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியென்றும், மாறுதல் என்ற வாதத்துக்கு வரும்போது தன்னை ஜாமீன்தாரென்றும் சொல்லிக்கொள்ளத் தலைப்பட்டது. சரித்திரத்தில் நாம் காணும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரட்டை வேஷத்தைக் கலைக்க நீதிபதிகள் செய்த முயற்சிகளே.

1893-இல் ஆஸ்திரேலியாவில் பாங்குகள் வரிசையாகக் கதவடைத்தன. அத்தகைய பாங்கொன்றில் போட்டிருந்த டெபாசிட் திரும்பி வருமென்பதற்கு லண்டனில் மார்ட்கேஜ் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷனிடம் பாலிசி எடுத்திருந்தவர் டேன் என்பவர். பாங்கு புனரமைக்கப்பட்டு, பழைய டெபாசிட்தாரர்களுக்குப் புதிய பாங்கில் மாற்று உரிமைகள் வழங்கப்பட்டன. மூலக் கடன் இவ்வாறு மாறிவிட்டபடியால் தன் பொறுப்பும் ஒழிந்ததென்று கம்பெனி வாதித்தது. குறித்த நாளில் பாங்கு பணம் கொடுக்கவில்லையென்றால் தான் கொடுப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டதே தவிர, பாங்குக்கு ஜாமீன் நிற்கவில்லை. ஆகவே இது இன்ஷ்யூரன்ஸ், ஜாமீன்தாரின் விடுதலை இதற்குப் பொருந்தாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது (1894-ஆம் ஆண்டுத் தொகுப்பு). ஐந்தாண்டுகளுக்குப் பின் ஸீட்டன்–ஹீத் வழக்கு வந்தது. கடனொன்றுக்கு ஜாமீன் நின்றவர் நொடித்துப்போகமாட்டார் என்று லாயிட்ஸ் அண்டர்ரைட்டர்கள் பொறுப்பேற்றிருந்தார்கள். வட்டி விகிதம் அளவுகடந்ததென்பதைச் சொல்லவில்லை என்பது அவர்களுடைய ஆட்சேபம். ரோமர் என்ற நீதிபதி, பத்திரத்தின் தலைப்பில் எந்தச் சொல் இருக்கிறதென்று பாராமல் விவகாரத்தின் உட்பொருளைப் பார்க்க வேண்டுமென்றார். சாதாரணமாக ஜாமீன்தாரை அழைத்து வருபவன் கடனாளி. ஜாமீன்தாருக்கு அவனைத் தெரியும், அவனுக்கு உதவவே அவர் வருகிறார். இன்ஷ்யூரன்ஸிலோ பாலிசி எடுப்பவர் நேரே கம்பெனியிடம் போகிறார். அபாயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கம்பெனிக்குத் தெரியாது. பிரதிபலன் அபாயத்தின் அளவுக்கேற்ப நிர்ணயிக்கப்படுகிறது. அத்தீர்ப்பின் முடிவு 1900-இல் பிரபுக்கள் சபையில் வேறு காரணத்தால் மாற்றப்பட்டதாயினும், இந்தப் பாகுபாடு மட்டும் இன்றளவும் சட்டப் புத்தகங்களில் நிலைத்திருக்கிறது.

இப்பாகுபாடு கட்டடக் காண்டிராக்டில் எப்படி வேலை செய்ததென்று காட்டும் வழக்கே இந்த வரிசையில் தலையாயது. கம்பர்லாந்துக் கடற்கரையிலுள்ள ஒர்க்கிங்டன் துறைமுக வாரியம் தன் கப்பல்துறையைப் புதுப்பிக்கும் வேலையைக் காண்டிராக்டர்களிடம் விட்டது. அவர்கள் வேலையை நிறைவேற்றுவார்கள் என்பதற்கு டிரேட் இண்டெம்னிட்டி கம்பெனி பத்திரம் எழுதிக் கொடுத்தது. பூமியைத் தோண்டத் தோண்ட நீர் ஊறிப் பெருகியது. வேலை கைமீறிப் போய்க் காண்டிராக்டர்கள் விழுந்தார்கள். வாரியம் கம்பெனியின் கதவைத் தட்டியது. நிலத்தின் அடியிலுள்ள நிலைமையைப் பற்றி வாரியத்துக்குத் தெரிந்ததைத் தங்களிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்களென்றும், ஆகவே பத்திரம் செல்லாதென்றும் கம்பெனி சாதித்தது. அதாவது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்குரிய ஆயுதத்தைக் கையிலெடுத்தது.

பிரபுக்கள் சபையில் இவ்வழக்கு 1937-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. அட்கின் பிரபு, எழுதிக் கொடுத்தது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியேயானாலும் பத்திரத்தை ஜாமீனுக்குரிய அளவுகோலாலேயே அளந்தார். நிலத்தைப் பரிசோதித்துத் திருப்தியடைவது காண்டிராக்டரின் பொறுப்பென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்போது, பூமிக்கடியில் எதிர்பாராத இடைஞ்சல் வரக்கூடுமென்பது அத்தொழிலில் எல்லோரும் அறிந்த சாதாரண அபாயமே. அதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை வாரியத்துக்கில்லை. இத்துடன் மறைத்தல் என்ற வாதம் விழுந்தது. ஆனால் வாரியத்துக்கு வெற்றி கிட்டவில்லை. பத்திரத்தின் கீழ்ப் பணம் பெறவேண்டுமானால், ஒப்பந்தம் மீறப்பட்டதால் தனக்கு நேர்ந்த நஷ்டம் இவ்வளவென்று வாரியம் நிரூபித்தாக வேண்டும். தன் கோரிக்கையை அந்த வழியில் கட்டாமல் வேறு அடிப்படையில் கட்டியிருந்ததால் அது தோற்றது. பிழையைத் திருத்திக்கொண்டு, நஷ்டத்தைச் சாட்சியத்துடன் நிரூபிக்கச் சித்தமாக வாரியம் இரண்டாவது வழக்குப் போட்டது. முதல் வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டியதைப் பிறகு கேட்க இடமில்லையென்று 1938-இல் பிரபுக்கள் சபை அதையும் தள்ளிவிட்டது. நியாயம் தன் பக்கம் இருந்தும், பத்திரத்தின் கீழ்த் தான் நிரூபிக்க வேண்டியது இன்னதென்று தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளாத காரணத்தால், இரண்டு முறை உச்சிவரை ஏறிய வாரியம் இரண்டு முறையும் வெறுங்கையுடன் இறங்கியது. வியாபார விஷயமான எளிய ஒரு பொறுப்பை இவ்வளவு பழங்காலப் பத்திர நடையில் எழுதுவதனாலேயே இந்தக் குழப்பமென்று அட்கின் பிரபு கண்டித்தார்.

அந்தக் கண்டனம் பலிக்கவில்லை. ஏறக்குறைய அறுபதாண்டுகளுக்குப் பின், 1995-இல், டிராஃபல்கர் ஹவுஸ் என்ற பெரிய கட்டடக் கம்பெனிக்கும் ஜெனரல் ஸுரிட்டி கம்பெனிக்கும் இடையில் அதே பழைய நடையில் எழுதிய பத்திரம் பிரபுக்கள் சபைக்கு வந்தது. தரைப்பணிகளை எடுத்த துணைக் காண்டிராக்டர் நொடித்துப்போனார். முதன்மைக் காண்டிராக்டர் பத்திரத் தொகையைக் கேட்டார். கேட்டவுடன் கொடுக்க வேண்டிய பத்திரம் இது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது. பிரபுக்கள் சபையோ, இது ஜாமீனே, மீறலையும் நஷ்டத்தையும் நிரூபித்தாலொழியப் பணமில்லை என்று திருத்தியது. ஜான்ஸி பிரபு, இத்தகைய பத்திரங்களின் நடையைப் பற்றி அட்கின் பிரபு முன்பு கூறியதை நினைவூட்டி, வியாபாரிகள் இதை ஏன் இன்னும் விடமாட்டேனென்கிறார்களோ தெரியவில்லை என்னும் பொருள்பட மறுபடியும் குறைகூறினார்.

அமெரிக்கர்கள் இப்பிரச்சினையை வேறு கோணத்திலிருந்து அணுகினார்கள். ஒப்பந்தத்தின் எழுத்தில் இம்மியளவு பிசகினாலும் ஜாமீன்தார் விடுபடுவார் என்ற கண்டிப்பு, பிரதிபலனின்றிக் கையெழுத்திட்டவருக்காக ஏற்பட்டது. பணம் வாங்கிக்கொண்டு அதையே தொழிலாக நடத்துபவருக்கு அதில் பங்கில்லை என்று அவர்கள் நேருக்கு நேர் கூறினார்கள். 1903-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், செங்கல் கொடுத்த கம்பெனி காண்டிராக்டருக்குத் தவணை நீட்டிக் கொடுத்ததைக் காட்டித் தப்பிக்க முயன்ற யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஃபிடெலிட்டி கம்பெனியின் வாதத்தை ஏற்கவில்லை. அந்தத் தவணையால் உனக்கு உண்மையில் என்ன தீங்கு நேர்ந்ததென்று காட்டு, காட்டாவிட்டால் பணத்தைக் கொடு என்பதே அத்தீர்ப்பின் தாத்பரியம். கனடாவின் உச்சநீதிமன்றமும் 1983-இல் ஸிட்டடல்–ஜான்ஸ் மேன்வில் வழக்கில், பத்திரத்திலுள்ள அறிவிப்பு நிபந்தனையைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்த்த கம்பெனியிடம், பாதகம் ஏற்பட்டதா என்ற கேள்வியையே கேட்டது. இங்கிலாந்து தன் பொதுவிதியை இவ்வளவு வெளிப்படையாகத் தளர்த்தவில்லை.

இந்திய நீதிமன்றங்கள் எந்தப் பக்கம்? சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் 133-ஆம் பிரிவு, இனாம் ஜாமீன்தாருக்கும் கூலி ஜாமீன்தாருக்கும் வித்தியாசம் காட்டவில்லை. நீதிபதிகளோ எழுத்துக்குள் அடங்கியே சற்று விசாலமாகச் சிந்தித்திருக்கிறார்கள். நஷ்டஈட்டு ஒப்பந்தத்தைப் பற்றி 124, 125-ஆம் பிரிவுகள் முழுமையானவையல்ல என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சக்லா 1942-இல் கஜானன் மோரேஷ்வர் வழக்கில் கண்டார். நஷ்டஈடு பெற உரியவர் கையிலிருந்து பணம் போனபின்தான் கேட்கலாமென்றால் அந்த வாக்குறுதியால் பலனென்ன. பொறுப்பு நிச்சயமாகிவிட்ட உடனேயே, எனக்காக நீயே கொடுத்துத் தீர் என்று அவர் கேட்கலாம் என்ற சமநீதி விதியை இந்த நாட்டு நீதிமன்றங்களும் கையாளலாமென்று அவர் தீர்ப்பளித்தார். தாம்கோஸ் பாங்கு வழக்கில், 25,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த ஜாமீன் கடிதத்தைக் கடனாளி 20,000 ஆகத் திருத்திப் பாங்கிடம் கொடுத்தபோது, ஜாமீன்தாரின் பொறுப்பைக் குறைத்த அந்தத் திருத்தம் அவரை விடுவிக்காதென்று உச்சநீதிமன்றத்தின் பெரும்பான்மை கருதியது. ஜாமீன்தாரிடம் வருவதற்கு முன் கடனாளியைத் துரத்தி முடிக்க வேண்டிய அவசியமில்லையென்று 1969-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள பீகார் பாங்கு வழக்கு உறுதியாகக் கூறியது. பாதகம் எங்கே, எவ்வளவு என்று கேட்கும் வழக்கம் இவ்வாறு நம் நீதிமன்றங்களுக்கு அந்நியமானதன்று.

இந்தியாவில் ஜாமீன் கம்பெனிகளின் விவகாரம் அதிகமாகச் சிக்கிக்கொண்ட இடம் காலக்கெடு. உரிமையைக் கோர்ட்டில் நிலைநாட்டும் காலத்தைச் சுருக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 28-ஆம் பிரிவு. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் இதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டன. கோரிக்கை நிராகரிக்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் பாலிசியின் பலன்கள் யாவும் பறிபோகும் என்று எழுதினார்கள். இது காலத்தைச் சுருக்குவதன்று, உரிமையையே அழிப்பது, ஆகவே 28-ஆம் பிரிவு தடுக்காது என்று பம்பாய் உயர்நீதிமன்றம், 1914-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள பரோடா ஸ்பின்னிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நியாயம் கேட்கும் வழியை அடைத்தால் குற்றம், நியாயத்தையே கொன்றுவிட்டால் குற்றமில்லை என்றாகிவிட்ட இந்த விபரீதத்தைச் சட்டக் கமிஷன் 1984-இல் தன் 97-ஆம் அறிக்கையில் எடுத்துக்காட்டியது.

இந்நிலையில் உணவுக் கார்ப்பொரேஷனுக்கும் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனிக்கும் இடையிலான வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டியது. கார்ப்பொரேஷனுக்காகச் செயல்பட்ட அரிசி ஆலைக்காரர்கள் ஒப்பந்தப்படி நடப்பார்களென்பதற்குக் கம்பெனி ஜாமீன் பத்திரங்கள் கொடுத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதங்களுக்குப் பின் பத்திரத்தின் கீழ்க் கார்ப்பொரேஷனுக்கு எந்த உரிமையும் கிடையாதென்று அதில் ஒரு வாசகம். கார்ப்பொரேஷன் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை எழுப்பியது. வழக்கோ அதன்பின்புதான் போட்டது. உரிமையை ஆறு மாதத்துக்குள் வலியுறுத்த வேண்டுமென்பதே அந்த வாசகத்தின் பொருள், அதற்குள்ளேயே வழக்கும் போட வேண்டுமென்பதன்று. கால வரையறைச் சட்டம் கொடுக்கும் காலம் முழுவதும் உண்டு என்று 1994-இல் தீர்ப்பாயிற்று. பாராளுமன்றமும் 28-ஆம் பிரிவைத் திருத்தி, உரிமையை அழிக்கும் வாசகங்களும் செல்லாவென்றது. 1997 ஜனவரி 8 முதல் அது அமலுக்கு வந்தது. பாங்குகளின் முறையீட்டின்மேல் 2013 ஜனவரியில் மறுபடி ஒரு விலக்கு அளிக்கப்பட்டது; பாங்குகளும் நிதி ஸ்தாபனங்களும் எழுதிக் கொடுக்கும் காரண்டிகளில், ஒரு வருஷத்துக்குக் குறையாத காலக்கெடுவைக் குறித்துக்கொள்ளலாமென்று ஆயிற்று.

இத்தனை காலமும் இந்நாட்டுக் காண்டிராக்ட் உலகில் ஆதிக்கம் செலுத்திவந்தது பாங்கு காரண்டியே. அதில் நிரூபிக்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்டால் கொடுக்க வேண்டும். மோசடியோ ஈடுசெய்ய முடியாத அநீதியோ காட்டினாலொழிய நீதிமன்றம் தலையிடாதென்று 1988-ஆம் ஆண்டுத் தொகுப்பிலுள்ள சிங் கன்ஸல்டன்ட்ஸ் வழக்கு முதலாக உச்சநீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. ஆனால் பாங்கு, காரண்டிக்காகக் காண்டிராக்டரின் பணத்தை டெபாசிட்டாகக் கட்டிவைத்துக்கொள்கிறது. வேலைக்கு வேண்டிய மூலதனம் அங்கே முடங்கிப்போகிறது. அதை உத்தேசித்தே 2022-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், அரசாங்கக் கொள்முதலில் பாங்கு காரண்டிக்குப் பதிலாக இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின் ஜாமீன் பத்திரத்தையும் ஏற்கலாமென்று அறிவித்தது. இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் அமலாயின. காண்டிராக்ட் மதிப்பில் 30 சதவீதத்துக்கு மேல் பொறுப்பேற்கக் கூடாதென்று ஆரம்பத்தில் இருந்த வரம்பு அடுத்த ஆண்டே நீக்கப்பட்டது. முதல் பத்திர ஏற்பாட்டை 2022 டிசம்பரில் பஜாஜ் அலையன்ஸ் கம்பெனி தொடங்கியது. காண்டிராக்டர் நொடித்துப்போனால் பாங்குக்கு இருப்பதுபோன்ற ஸ்தானம் திவால் சட்டத்தில் தங்களுக்கும் வேண்டுமென்று கம்பெனிகள் கேட்டுவருகின்றன. எனவே ஒர்க்கிங்டனில் எழுந்த கேள்விகள் யாவும் இனி நெடுஞ்சாலைகளிலும் பாலங்களிலும் நம் உயர்நீதிமன்றங்களின் வாசலுக்கு வரப்போகின்றன என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

இவ்வளவையும் தொகுத்துப் பார்க்கும்போது முடிவு ஒன்று தெளிவாகிறது. சலுகை, அதைப் பெறுபவரின் பலவீனத்துக்காக ஏற்பட்டது. பலவீனம் இல்லாத இடத்தில் சலுகையும் இருக்க நியாயமில்லை. அபாயத்தை எடைபோடவே பிரீமியம் வாங்கும் ஸ்தாபனம், சதுப்பு வயலொன்று போயிற்றென்பதற்காக மந்தை முழுவதன் பொறுப்பையும் உதறலாகாது. அதே சமயம் அதன் ஈட்டை அரசாங்க அதிகாரி அஜாக்கிரதையாலோ தாராளத்தாலோ நழுவவிட்டால், அந்த நஷ்டத்தையும் அதன் தலையில் கட்டுவதும் நியாயமன்று. பிரீமியத்துக்கு எழுதிக் கொடுத்த ஜாமீனில், மாறுதலாலும் தவணையாலும் உண்மையாக நேர்ந்த பாதகத்தின் அளவுக்கே கம்பெனி விடுபடும் என்று 133-ஆம், 135-ஆம் பிரிவுகளில் ஒரு வாசகம் சேர்ப்பதே தகுந்த பரிகாரம். ஈட்டைப் பற்றிய 141-ஆம் பிரிவு ஏற்கனவே அந்த முறையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. வெளிப்படுத்தும் கடமையிலும் கம்பெனிக்கு அனுகூலமான அளவுகோலைத் தேட வேண்டுவதில்லை. அதற்குத் தெரிய வேண்டியதைக் கேள்வித்தாளில் கேட்கட்டும், கேட்டதற்குப் பொய் சொன்னவர் பலனை இழக்கட்டும், கேளாததைச் சொல்லவில்லையென்று பிறகு குறைகூற இடம் வேண்டாம்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க முடியாத பொறியாளர்களுக்கும், பஞ்சாயத்து யூனியன் கமிஷனர்களுக்கும், காண்டிராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாமீன் பத்திரம் கைக்கு வந்ததும் அதில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: கேட்டவுடன் பணமா அல்லது நஷ்டத்தை நிரூபித்தபின் பணமா; எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும்; வேலையின் அளவிலோ காலத்திலோ மாறுதல் செய்யும்போது கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டுமா. இம்மூன்றுக்கும் பத்திரத்திலேயே தெளிவான விடை இல்லையென்றால், கையெழுத்தாகுமுன் திருப்பி அனுப்பித் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.